கண் என்னும் சொல்

அட்டன் நகரிலிருந்து மஸ்கெலியா வழியாகத் தேயிலைச் சரிவுகளை வளைந்து வளைந்து கடந்து செல்லும் பாதை நல்லதண்ணியில் முடிகிறது. அதற்கு அப்பால் உள்ளவை படிகளே. டிசம்பர் மாத முழுமதி நாள் தொடங்கி மே மாத முழுமதி நாள் வரை, இருமொழி பேசும் மக்களும் இவ்வூரில் இறங்கி, 2,243 மீற்றர் உயரமுள்ள சிவனொளிபாதமலையின் உச்சியை நோக்கி இரவெல்லாம் ஏறுகின்றனர். விடியற்பொழுதில் கீழ்வானம் சிவந்து ஞாயிறு தோன்றும் வேளையில், “நேரே பாராதே, கண் கூசும்” என்று தமிழ்த் தாய் ஒருத்தி தன் மகவை எச்சரிப்பாள். பக்கத்தில் நிற்கும் சிங்களத் தாயும் அவ்வாறே எச்சரிப்பாள். ஆனால் அவள் வாயில் வருவது ‘எஸ’ என்னும் சொல். அதன் முதலெழுத்து அகரத்திற்கும் எகரத்திற்கும் இடைப்பட்ட ஓர் ஒலி. தமிழ் நெடுங்கணக்கில் அதற்கு எழுத்தில்லை.

பார்க்கப்படும் ஞாயிறு ஒன்று. பார்க்கும் உறுப்பும் ஒன்று. சொற்கள் மட்டும் ஏன் இத்துணை வேறுபடுகின்றன? இவ்விரு சொற்களின் முன்னோரைத் தேடிச் செல்பவர், ஒன்றன் பின்னே பலுச்சிஸ்தானத்துக் குன்றுகள் வரையும், மற்றதன் பின்னே வால்கா நதிக்கரை வரையும் செல்ல நேரிடும்.

முதலில் தமிழ்ச் சொல்லைப் பார்ப்போம். ‘கண்’ என்பது ஓரசைச் சொல். ஒரு மெய், ஒரு குற்றுயிர், மீண்டும் ஒரு மெய். இதைவிடச் சிறிதாகச் சொல் அமைவது அரிது. மலையாளத்தில் இது கண், கண்ணு எனவும், கன்னடத்தில் கண், கண்ணு எனவும், தெலுங்கில் கன்னு எனவும் வழங்குகிறது. நீலகிரியில் வாழும் கோத்தர் கண் என்றே கூறுவர். அவர்தம் அயலவரான தோடர் அகரத்தை ஒகரமாக்கிக் கொண் என்பர். நடு இந்தியக் காடுகளில் கோண்டி மொழியிலும் ஒரிசா மலைகளில் கூயி மொழியிலும் இச்சொல் உண்டு. வடக்கே சோட்டா நாகபுரியில் குடுக்கு மொழி பேசும் ஓராவோன் மக்களும், இராஜமகால் குன்றுகளில் மால்தோ பேசுவோரும், இந்தியாவின் எல்லைக்கு அப்பால் பாகிஸ்தானின் பலுச்சிஸ்தானத்தில் பிராகூயி பேசுவோரும் இதே சொல்லைத்தான் ஆள்கின்றனர். ஆனால் அவ்வடபுல மொழிகளில் முதலெழுத்து வல்லென்று தடைப்பட்டு ஒலிக்காது அடித்தொண்டையில் பிறக்கும் ஒலியாக மாறியிருக்கிறது. குடுக்கிலும் பிராகூயியிலும் அது உரசொலி. தமிழின் ஆய்தத்தைத் துணையாகக் கொண்டால் பிராகூயிச் சொல்லை ஃகன் என்று எழுதலாம்.

இம்மாற்றம் தாறுமாறாக நேர்ந்ததன்று. தமிழில் ‘கல்’ என்பது பிராகூயியில் ஃகல். ‘காண்’ என்னும் வினைக்கு நேரானது அங்கே ஃகன் என்னும் அடி. ககரம் அகரத்தை ஊர்ந்து வரும் இடத்தில் பலமுறை இதே திரிபு நிகழ்வதால், இவை தற்செயலாக ஒத்த ஒலிகள் அல்ல, ஒரு தாயின் மக்கள் என்று மொழிநூலார் முடிவு செய்தனர். இரண்டு சொற்கள் ஒத்திருப்பது உறவிற்குச் சான்றாகாது. வேறுபாடு ஒழுங்காக இருப்பதே சான்றாகும். இவ்வுண்மை தமிழ்ச் சொல்லாராய்ச்சியில் ஈடுபட்ட ஆர்வலர் பலருக்கும் இன்றளவும் கசப்பாகவே இருக்கிறது.

இவ்வாராய்ச்சியின் வரலாறு நீண்டது. 1816ஆம் ஆண்டில், கேம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்கு வரைந்த முன்னுரைக் குறிப்பில், சென்னையில் ஆட்சி அலுவலராக இருந்த பிரான்சிஸ் வைட் எல்லிஸ் என்பவர், தென்னாட்டு மொழிகள் சமஸ்கிருதத்தின் வழிவந்தவை அல்ல, தமக்குள் உறவுடைய தனிக்குடும்பம் என்று காட்டினார். 1856இல் கால்டுவெல் பாதிரியாரின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. ஒக்ஸ்போட்டில் சமஸ்கிருதப் பேராசிரியராக இருந்த தோமஸ் பரோவும், 1930களில் நீலகிரியில் தங்கித் தோடரிடமும் கோத்தரிடமும் மொழி கேட்டெழுதிய கலிபோர்னியப் பேராசிரியர் எமனோவும் சேர்ந்து, திராவிடச் சொற்பிறப்பு அகராதியை 1961இல் வெளியிட்டனர். திருத்திய பதிப்பு 1984இல் வந்தது. அவ்வகராதியில் ‘கண்’ணுக்கு உரிய பத்தியைத் திறந்து பார்ப்பவர், தென்கோடி முதல் வடகோடி வரை பெரும்பாலும் இடையறாமல் வரும் உறவுச் சொற்களைக் காணலாம்.

உடலுறுப்புச் சொற்கள் எல்லாவற்றிற்கும் இந்நற்பேறு வாய்க்கவில்லை. ‘கால்’ என்னும் சொல் தமிழிலும் தெலுங்கிலும் கோண்டியிலும் உண்டு. குடுக்கிலோ பிராகூயியிலோ பாதத்தைக் குறிக்க வழங்குபவை வேறு சொற்கள். கண் மட்டும் எல்லா வீடுகளிலும் தங்கியிருக்கிறது. ஆகவே, குடும்பம் பிரியுமுன் இருந்த மூலமொழியில், அதாவது தொல்திராவிடத்தில், ‘கண்’ என்ற வடிவமே இருந்தது என்று துணிந்து கூறலாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வு அம்மூலமொழியின் அகவையை ஏறத்தாழ 4,500 ஆண்டுகள் எனக் கணித்தது. அம்மொழியை எவரும் எழுதிவைக்கவில்லை, எவரும் கேட்டதுமில்லை. அதனாலேயே மொழிநூலார் இத்தகைய மீட்டமைத்த வடிவங்களின் தலையில் ஓர் உடுக்குறி இடுவர். ‘இது கிடைத்தது அன்று, உய்த்துணர்ந்தது’ என்று படிப்பவர்க்கு அறிவிக்கும் நேர்மையான குறி அது. தமிழ்க் கண்ணைப் பொறுத்தவரை உடுக்குறியிட்ட மூல வடிவமும் நல்லதண்ணியில் இன்று பேசப்படும் வடிவமும் ஒன்றே.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தென்னிந்தியத் தமிழர் இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்கும், பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்து வரப்பட்ட அதே நூற்றாண்டில், சோட்டா நாகபுரியின் ஓராவோன் மக்கள் அசாமின் தேயிலைத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். ஒருவரையொருவர் அறியாத இவ்விரு கூட்டத்தாரும், தளிர் கொய்யும் தொழிலில், ஒரு மூலச்சொல்லின் இரு வடிவங்களைக் கொண்டு தம் கண்ணைக் குறித்து வந்தனர்.

கண் மாறாதிருந்ததற்கு அதன் நடுவிலுள்ள அகரமே துணை செய்தது. செவியின் கதையைப் பாருங்கள். கன்னடத்தில் அது கிவி. மூலமொழியிலும் ககரமே முதலில் நின்றது. தமிழிலோ, எகரத்திற்கு முன் நின்ற ககரம் சகரமாகத் திரிந்து ‘செவி’ ஆயிற்று. இகர எகரங்களைச் சொல்ல நா முன்னோக்கி எழும்போது ககரத்தையும் தன்னுடன் இழுத்துச் சென்றுவிடுகிறது. அகரம் அவ்வாறு இழுப்பதில்லை. கண் தப்பியது, செவி அகப்பட்டது.

இதே ஒலி விதி, உலகின் மறுபக்கத்தில், கண்ணையே பிடித்துக்கொண்டது. உருசியர், போலந்தியர், செக்கர், பல்கேரியர் ஆகியோரின் மொழிகளுக்கெல்லாம் தாயான மொழியை மொழிநூலார் தொல்சிலாவியம் என்பர். அதில் கண்ணுக்குப் பெயர் ‘ஒகொ’. அச்சொல் இரு கண்களைக் குறிக்கும்போது ‘ஒச்சி’ ஆகும். இகரம் வந்தவுடன் ககரம் சகரமாயிற்று. கன்னடக் கிவிக்கும் தமிழ்ச் செவிக்கும் இடையே இரு மொழிகளில் பிரிந்து நிற்கும் வேறுபாடு, சிலாவியத்தில் ஒரே சொல்லின் இரு வேற்றுமை வடிவங்களுக்குள் அடங்கி நிற்கிறது.

இந்த ஒகொ தனிமரமன்று. இலத்தீனின் ஒகுலுஸ், இலித்துவேனியத்தின் அகிஸ், சமஸ்கிருதத்தின் அக்ஷி ஆகியவை இதன் உடன்பிறப்புகள். ஆங்கிலத்தின் ‘ஐ’ என்பதையும் இக்குடும்பத்திலேயே சேர்ப்பர். அக்ஷி பாளியில் அக்கி ஆயிற்று. சிங்களத்தில் எஸ ஆயிற்று. மலையுச்சியில் சிங்களத் தாய் வாயில் வந்த சொல்லின் பூர்வீகம் இதுவே.

இவ்விரு குடும்பங்களும் தம் கண்ணை வேற்றுமைப்படுத்தும் முறை அவற்றின் இயல்பையே காட்டிக்கொடுக்கிறது. தமிழில் கண்ணை, கண்ணால், கண்ணுக்கு, கண்ணின் என்று உருபுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டிச் செல்கின்றன, அடிச்சொல் அசைவதில்லை. நேரும் மாற்றம் ஒன்றே: தனிக் குற்றெழுத்தை அடுத்த மெய், உயிர் வரும்போது இரட்டிக்கிறது. ‘கால்’ நெடில் ஆதலால் காலை, காலால் என்று லகரம் ஒற்றையாகவே நிற்கிறது. ‘கண்’ குறில் ஆதலால் ணகரம் இரட்டையாகிறது. குறிலின் குறையை மெய் ஈடுசெய்கிறது போலும்!

நகரம் வந்தால் வேறொரு மாற்றம். கண்ணும் நீரும் சேர்ந்து கண்ணீர் ஆகும். நீரின் நகரம் முன்னின்ற ணகரத்தின் நிறத்தை ஏற்கிறது. இவ்விதியை நல்லதண்ணி மக்கள் நாள்தோறும் உச்சரிக்கின்றனர். ‘தண்’ என்றால் குளிர்ச்சி. தண்ணும் நீரும் சேர்ந்தது தண்ணீர். அது பேச்சில் தண்ணி. மலையிலிருந்து இறங்கும் நல்ல குளிர்ந்த நீர் என்பதே ஊரின் பெயர்ப்பொருள். சிங்களவர் அதன் இறுதியில் தம் மொழிக்குரிய ஒரு யகரத்தைச் சேர்த்து நல்லதண்ணிய என்பர். கண்ணீரும் தண்ணீரும் இலக்கணத்தில் ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை.

தொல்சிலாவியம் இவ்வாறு அமைதியாக இருப்பதில்லை. ஒகொ என்னும் எழுவாய், ஆறாம் வேற்றுமையில் ‘ஒச்செஸெ’ ஆகும். எங்கிருந்தோ ஒரு ஸகரம் நடுவில் முளைக்கிறது. சமஸ்கிருதத்திலோ அக்ஷி என்பது அதே வேற்றுமையில் ‘அக்ஷ்ணஹ’ ஆகும். அங்கே முளைப்பது நகரம். உடன்பிறந்த மொழிகள் இரண்டும் ஒரே சொல்லுக்கு வெவ்வேறு உடல்களை வைத்திருப்பதனால், மூலமொழியில் அச்சொல்லின் வேற்றுமை வாய்பாடு எவ்வாறு இருந்தது என்பதில் ஐரோப்பிய அறிஞர் நெடுங்காலம் வாதிட்டனர். அவ்வகையில் தொல்திராவிடத்தை ஆராய்வோர் கொடுத்துவைத்தவர்கள்.

அம்மொழிகளுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. தமிழில் எண் இரண்டே: ஒருமை, பன்மை. சமஸ்கிருதத்திலும் தொல்சிலாவியத்திலும் இருமை என ஒன்று தனியே உண்டு. இரட்டையாக உள்ள பொருள்களுக்கு அது உரியது. கண்ணும் கையும் காலும் இயல்பாகவே இரட்டை ஆதலால், பிற சொற்களில் இருமை மறைந்துபோன பின்னரும் உறுப்புச் சொற்களில் அது பிழைத்துக் கிடக்கிறது. செக் மொழியில் ‘ஒச்சி’ என்றால் முகத்திலுள்ள இரு கண்கள். அது பழைய இருமை வடிவம். ‘ஒகா’ என்றால் வலையின் கண்கள், பின்னலின் கண்ணிகள். அதுவே முறையான பன்மை. பார்க்கும் கண்ணுக்கும் பாராத கண்ணுக்கும் இருவேறு பன்மைகள்!

பாராத கண்கள் தமிழில் எத்தனை! வலைக்கண், தேங்காயின் முக்கண், மயிற்பீலியின் கண், புண்ணின் கண், முரசின் கண், ஊற்றுக்கண். மதுரை, இராமநாதபுரம் பகுதிகளில் ஏரியைக் கண்மாய் என்பர்; அது கண்வாய் என்பதன் மரூஉ என்று கொள்வர். போலந்தின் தாத்திரா மலையில் உள்ள ஏரி ஒன்றின் பெயர் மோர்ஸ்கியே ஒகோ, அதாவது கடலின் கண். நீர் சுரக்கும் இடத்தையும் நீர் தேங்கும் இடத்தையும் கண்ணென்று காண்பது, உறவற்ற மொழிகளிலும் மனித உள்ளம் தானே கண்டுகொண்ட ஒப்புமை.

தமிழர் இப்பன்மைக் கணக்கில் அத்துணைக் கவலை கொண்டாரல்லர். “கண் சிவந்தது” என்றால் இரண்டுமே சிவந்தன என்பது கேட்பவர்க்குத் தெரியும். அஃறிணைப் பெயருக்குக் ‘கள்’ விகுதி வேண்டியபோது மட்டும் வரலாம் என்பது தொல்காப்பியர் காலத்திலேயே ஏற்கப்பட்ட வழக்கு. பிற மொழிகளில் பன்மை உருபு பலவாறு நிற்கிறது. தெலுங்கில் ளகரம் சேர்ந்து ‘கள்ளு’ ஆகிறது. தமிழர் காதுக்கு அது பனைமரத்தை நினைவூட்டினால் பிழை தெலுங்கரது அன்று. கோண்டியிலும் பிராகூயியிலும் ககரம் மட்டும் சேர்கிறது. பிராகூயியில் கண்கள் என்பது ஃகங்க். இருவகை உருபுகளும் பின்னர் ஒன்றாக இணைந்ததே தமிழின் ‘கள்’ என்று கொள்ளும் அறிஞர் உளர்.

இச்சொல் எங்கிருந்து பிறந்தது? ‘காண்’ என்னும் வினையோடு அதற்குள்ள உறவை எவரும் மறுக்க இயலாது. காண்கிறான் என்பதில் நெடிலாக நிற்கும் அடி, கண்டான் என்பதில் குறிலாகச் சுருங்கிவிடுகிறது. வருவான் – வந்தான் என்பதற்கு அடியாகிய ‘வா’வும் நோவும் அவ்வாறே சுருங்குபவை. சுருங்கிய வடிவமும் உறுப்பின் பெயரும் ஒன்றாக இருப்பதனால், காண்பது கண் ஆயிற்றா, கண்ணின் தொழில் காண் ஆயிற்றா என்னும் வினா எழுகிறது. பிராகூயியில் இரண்டுக்கும் குறிலே இருப்பதை எண்ணினால், மூலமொழியிலேயே அவை பிரிக்க இயலாதவாறு பின்னிக் கிடந்தன எனலாம்.

சொல் தேய்ந்து உருபான கதையும் உண்டு. தொல்காப்பியம் ஏழாம் வேற்றுமைக்குப் பெயரே ‘கண்’ என்று கூறுகிறது. அவ்வேற்றுமைப் பொருளை உணர்த்த வரும் சொற்களின் வரிசையிலும் கண், கால், தலை என்னும் உறுப்புப் பெயர்கள் இடம்பெறுகின்றன. மலையின்கண் என்றால் மலையிடத்து. இடப்பொருளில் வரும் கண் வேறொரு சொல் என்று பிரித்துக் காட்டுவாரும் உளர். ஆயினும் உறுப்புகளைக் கொண்டு இடத்தைச் சுட்டுவது தமிழர்க்குப் புதிதன்று; கடைத்தெருவின் தலைமாடும் கால்மாடும் இன்றும் பேச்சில் உள்ளவையே.

‘கண்’ என்று தொடங்குவன எல்லாம் கண்ணோடு உறவுடையன என்று மயங்கலாகாது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் கணக்கு, கணித்தலைச் சேர்ந்தது. கண்டிச்சீமை என்று முன்னோர் அழைத்த கண்டி, மலையைக் குறிக்கும் ‘கந்த’ என்னும் சிங்களச் சொல்லின் வழியது.

ஐயத்திற்கு இடமின்றிக் கண்ணின் வழிவந்தது ‘கங்காணி’. இம்மலைநாட்டின் வரலாற்றில் இதனினும் கனமான தமிழ்ச் சொல் வேறில்லை. கண், காண் என்னும் இரண்டும், உறுப்பும் தொழிலும் ஒருங்கே அமைந்த சொல் இது. கண்காணி என்பதே செவ்விய வடிவம். சோழர் காலக் கல்வெட்டுகளில், கோயிலுக்கு அளிக்கப்பட்ட பொன்னும் நெல்லும் முறையாகச் செலவாகின்றனவா என்று மேற்பார்வையிட்டோர் ‘ஸ்ரீமாஹேஸ்வரக் கண்காணி செய்வார்’ எனக் குறிக்கப்பெறுகின்றனர். அங்கே கண்காணித்தது அறத்தின் பொருட்டு, கண்காணிக்கப்பட்டது கருவூலம். சிங்களத்திலும் இச்சொல் சென்று பதிந்தது. கங்கானம்கே என்று தொடங்கும் குடும்பப் பெயர்கள் பல இன்றும் தென்னிலங்கையில் உள்ளன.

தோட்டத்திற்கு வந்தபோது கண்காணியின் பார்வை மனிதர்மேல் விழுந்தது. தன் ஊரிலும் அண்டை ஊர்களிலும் ஆள் திரட்டி, வழிச்செலவுக்கும் முன்பணத்திற்கும் கடன் எழுதி, கடல் கடந்து கூட்டிவந்து துரையிடம் ஒப்படைத்தவன் பெரிய கங்காணி; அவனுக்குக் கீழே சில்லறைக் கங்காணிகள். வேலைக்கு வந்த ஒவ்வோர் ஆளின் பேரிலும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. ஒரு தோட்டத்தை விட்டு வேறு தோட்டத்திற்குச் செல்ல விரும்பியவர்களின் கடன், ‘துண்டு’ எனப்பட்ட சீட்டில் குறிக்கப்பட்டது. புதிய தோட்டம் அக்கடனைத் தீர்த்தாலன்றி அவர்கள் பெயர இயலாது. துண்டுமுறை 1921இல் ஒழிக்கப்பட்டது. 1939இல் இந்திய அரசு தொழிலாளர் குடிபெயர்வைத் தடுத்தபின் ஆள்திரட்டும் கங்காணியின் காலமும் முடிந்தது. மலாயாவிலும் இம்முறை இதே பெயரோடு நடைபெற்றது. ஆங்கில அகராதிகளும் இச்சொல்லை ஏற்றுக்கொண்டன. கோயில் கணக்கைப் பார்த்த கண்ணுக்கும் கொழுந்துக் கூடையைப் பார்த்த கண்ணுக்கும் இலக்கணத்தில் வேறுபாடில்லை. ஆனால் அக்கண்ணின் கீழ் நிரையில் நின்றவர்களுக்கு அச்சொல் எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை எந்தச் சொற்பிறப்பு அகராதியும் பதிவதில்லை. இன்றும் மலையில் கொழுந்தெடுப்போரை மேற்பார்ப்பவர் கங்காணியே. அதிகாரம் சுருங்கிற்று, பெயர் நிலைத்தது.

கண்ணின் தன்மை நிலைத்து நிற்பது என்றால், ஒகொவின் ஊழ் வேறு. உருசிய மொழியில் அது கவிதைக்கு ஒதுங்கிவிட்டது. அன்றாடப் பேச்சில் ‘கிளாஸ்’ என்னும் வேறொரு சொல் அதன் இருக்கையைப் பிடித்துக்கொண்டது. அச்சொல்லுக்கு முன்னாளில் வழுவழுப்பான சிறு கல், உருண்டை என்பன போன்ற பொருள் இருந்தது. நம் பேச்சில் கண்ணை ‘முழி’ என்பது போன்ற ஒரு கொச்சை வழக்கு, மெல்ல மெல்ல அவைக்கு வந்து அமர்ந்துவிட்டது. தமிழிலும் விழி, நாட்டம், நோக்கு, நயனம் எனப் போட்டியாளர் பலர் இருந்தும், கண்ணை எவரும் அசைக்கவில்லை.

இனி, தோட்டத்து லயங்களுக்குத் திரும்பலாம். அங்கே காமாட்சி, மீனாட்சி, விசாலாட்சி என்னும் பெயர்கள் பெருவழக்கு. இப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் ஆட்சி அரசாட்சியன்று, சமஸ்கிருத அக்ஷி. மீனாட்சியைத் தமிழாக்கினால் கயற்கண்ணி. ஆகவே சிங்களப் பெண்ணின் ‘எஸ’ என்ற சொல்லுக்கு நெருங்கிய உறவினள், தேயிலைச் செடிகளுக்கிடையே, தமிழ்ப் பெண்ணின் பெயருக்குள்ளேயே ஒளிந்திருக்கிறாள். கொடுக்கல் வாங்கல் ஒருவழிப்பட்டதுமன்று. ஆடி என்றால் முகம் பார்க்கும் பளிங்கு. கண்ணாடி என்னும் தமிழ்ச் சொல் சிங்களத்தில் கண்ணாடிய என்று குடிபுகுந்தது. பார்வை மங்கிய முதியவர் அணியும் கண்ணாடியைச் சிங்களவர் ‘எஸ் கண்ணாடி’ என்பர். அத்தொடரின் முதற்பாதி உருசியரின் ஒகொவுக்கு உறவு. பிற்பாதி பிராகூயியரின் ஃகன்னுக்கு உறவு. தமிழரோ, கண்ணுக்காகச் செய்யப்பட்ட அதே பொருளை, அது அமர்ந்திருக்கும் இடத்தைப் பார்த்து மூக்குக்கண்ணாடி என்று அழைத்து வருகின்றனர்.